பெரு செல்லத் தேவையான ஆவணங்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு மகன் விசாகன் போனில் பேசினான். தென் அமெரிக்காவில், பெரு நாட்டில், குஸ்கோ என்ற மலை ஊரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கம்பெனி அவனைத் தலைநகர் லிமாவுக்கு ஒரு வருட வேலைக்கு அனுப்பியது. லீவு கிடைத்ததும், அதே கம்பெனி வேலைக்குப் போயிருந்த அந்தப் பெண்ணோடு குஸ்கோவுக்கு ஊர் சுற்றப் போயிருக்கிறான். வாடகைக் கார் கவிழ்ந்துவிட்டது. இவனுக்குக் கால் முறிவு, விலா எலும்பு இரண்டு. அவள் இறந்துவிட்டாள். சாலையோரம் நடந்து போன ஒரு விவசாயியும் இறந்துவிட்டான்.

அழுதுகொண்டே பேசினான். அழ வேண்டாம் என்றேன். போலீஸ் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் சொல்லி, அவனை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். அவன் அம்மா செண்பகம் காப்பித் தம்ளரோடு கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

நேற்று இரவு எட்டரைக்கு அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. அங்கே அப்போது காலை பத்து. மலைப் பிரதேசம், சிக்னல் போயிருக்கும் என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தேன்.

செண்பகம் இன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் வசதிதான்.

ஜூன் 4, புதன்

அந்தப் பெண்ணின் அம்மா என் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வந்தாள். புஷ்பலீலா. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடமாக நர்ஸ். புருஷன் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் எருசலேம் யாத்திரைக்கு என்னிடம்தான் டிக்கெட் எடுத்தாள். அந்தப் பழக்கத்தில்தான் அவள் மகளும் என் மகனும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். அந்த டிக்கெட்டைப் போட்டிருக்கவே கூடாது.

அவள் அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

"குத்தாலிங்கம் அண்ணாச்சி, எம் மகள நான் போயிக் கூட்டிட்டு வரணும். என்னென்ன தாள் வேணும், சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

சொன்னேன். ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். பூர்த்தி செய்த படிவம். வெள்ளைப் பின்னணியில் புகைப்படம். பேங்க் ஸ்டேட்மென்ட். ஆஸ்பத்திரியிலிருந்து விடுப்புக் கடிதம். தங்கும் ஓட்டல், திரும்பி வரும் டிக்கெட். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்.

எனக்கு இது ஒன்றும் தேவையில்லை. மூத்த மகளைப் பார்க்க எடுத்த அமெரிக்க விசா இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அது கையில் இருந்தால் நம்மவர்கள் பெருவுக்குத் தனி விசா எடுக்க வேண்டாம். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

போகும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். குஸ்கோ ஆஸ்பத்திரி கொடுத்த இறப்புக் கடிதம், ஆங்கில மொழிபெயர்ப்போடு. கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள்.

"இதயும் சேத்து வைக்கணுமா?"

"வேண்டாம் சிஸ்டர். டூரிஸ்ட் விசாவுக்கு அதெல்லாம் குழப்பம்."

மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதைச் சேர்த்தால் அவசர விண்ணப்பம் என்று தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். சேர்க்காவிட்டால் வரிசையில் கிடக்கும்.

ஜூன் 5, வியாழன்

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றிக் கேட்டுப் போன் செய்தாள். அதற்கென்று உள்ள மையத்தில் போட்டு மஞ்சள் நிறச் சான்றுப் புத்தகம் வாங்க வேண்டும், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் கிளம்ப முடியும் என்றேன்.

"நீங்க போட்டாச்சா அண்ணாச்சி?"

"எனக்கு அறுபது தாண்டிட்டு. டாக்டர் வேண்டாம்னுட்டாரு."

பாதி உண்மை. முழு உண்மை என்னவென்றால், இல்லாமலும் போகலாம். திரும்பி வந்து இறங்கும்போது ஆறு நாள் தனியாக வைத்துக் கவனிப்பார்கள், அவ்வளவுதான். நர்ஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாதது என் குற்றமில்லை.

ஜூன் 6, வெள்ளி

அவள் விண்ணப்பத்தை டெல்லிக்கு அனுப்பினேன். எனக்கு 13ஆம் தேதி டிக்கெட்.

ஜூன் 9, திங்கள்

வக்கீல் பேசினார். கம்பெனி ஏற்பாடு செய்தவர். 17ஆம் தேதி அரசு வழக்கறிஞர் ஆஸ்பத்திரிக்கே வந்து விசாகனிடம் வாக்குமூலம் எழுதுவாராம். போலீஸிடம் அவன் முதலில் சொன்னதையே அப்போதும் சொன்னால் அவன் ஊர் திரும்பலாம். மாற்றிச் சொன்னால் இரண்டு சாவுக்கும் அவன் பொறுப்பு.

மாற்ற மாட்டான். நான் பக்கத்தில் இருக்கும்வரை மாற்ற மாட்டான். அந்த அம்மா அதற்குமுன் வந்து அழுது புரண்டால்தான் கெட்டது.

செண்பகம் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். சாம்பாரில் உப்பில்லை. வேண்டுமென்றேதான்.

ஜூன் 13, வெள்ளி. மும்பை

விமான நிலையத்தில், நான் நிற்கும் வரிசையிலேயே, எனக்கு முன்னால் ஏழாவது ஆளாகப் புஷ்பலீலா நிற்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். வரிசையை விட்டு என்னிடம் வந்தாள்.

"டெல்லிக்கு எங்க ஐயர் பேசினாங்க," என்றாள். அவர்கள் சபைப் பாதிரியாரை ஐயர் என்பார்கள். "இறப்புத் தாள் ஏன் வைக்கலன்னு அங்க கேட்டிருக்காங்க. நானே தூக்கிட்டு டெல்லிக்குப் போனேன். மூணாம் நாள் விசா குடுத்துட்டாங்க. கம்பெனியே டிக்கெட்டும் போட்டுட்டு."

"ஊசி?"

"விசாரிச்சேன். போடாமயும் போகலாமாம். அத நீங்க ஏன் சொல்லல?"

"மறந்துட்டு."

"இருவத்திரெண்டு வருசமா இதத்தான செய்தீங்க," என்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

ஜூன் 14, சனி. லிமா

அடிஸ் அபாபா, சாவோ பாவ்லோ, லிமா. முப்பது மணி நேரம். அவள் எனக்கு நான்கு வரிசை பின்னால். கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தூங்கவே இல்லை அவள். என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

குடியேற்றச் சோதனையில் என்னை இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். அவளை நிறுத்திவிட்டார்கள். அதிகாரி ஸ்பானிஷில் கேட்கிறான், அவள் தமிழும் இங்கிலீஷும் கலந்து ஏதோ சொல்கிறாள். ஓட்டல் தாளையும் திரும்பும் டிக்கெட்டையும் எடுத்து நீட்டினால் முடிந்தது. அது எனக்குத் தெரியும். இதே மாதிரி நின்ற எத்தனையோ பேரிடம் திருநெல்வேலியிலிருந்தே போனில் சொல்லி வெளியே கொண்டுவந்திருக்கிறேன்.

நான் பெட்டி எடுக்கப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். "வேலை தேடி வந்தியான்னு கேட்டான். எம் பிள்ள சவத்தோட போட்டோவக் காட்டினேன். முத்திரை குத்திட்டான்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. குஸ்கோ

கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து நானூறு மீட்டர். மலைக்குப் போகிறவர்களுக்கு நான் அச்சடித்தே கொடுப்பேன்: முதல் நாள் மாடிப்படி ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், படுத்துக் கிடங்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்றாவது மாடியில் கண் இருட்டிவிட்டது. விசாகன் கட்டிலுக்கு இன்னும் பத்தடி.

விழித்தபோது ஓட்டல் அறையில் கிடக்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லையென்று இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் புஷ்பலீலா. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வேற ஆள் இல்லயா?" என்றேன்.

"இருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

கொக்கா இலை போட்ட கஷாயத்தை இந்த ஊரில் எல்லா ஓட்டலிலும் கொடுக்கிறார்கள். அதைக் கரண்டியால் ஊட்டினாள். பாதி என் சட்டையில் கொட்டியது. துடைக்கவில்லை.

"செத்துகித்துப் போயிராதீங்க," என்றாள். "நீங்க செத்தா உங்க பையன் அழுவான். அழுத வாய்கிட்ட நான் எதயும் கேக்க முடியாது."

சாயந்திரம்வரை இருந்தாள். மணிக்கு ஒரு தடவை நாடி பார்த்து, ஓட்டல் தாளில் குறித்து வைத்தாள். தெருவில் பாண்டு வாத்தியம். வருகிற வியாழக்கிழமை இங்கே பெரிய தேவாலயத் திருவிழாவாம். தலைக்குள் வந்து முழக்குகிறான்கள்.

ஜூன் 16, திங்கள்

காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தனியாகப் போகிறேன் என்றேன். நானும்தான் என்றாள்.

விசாகன் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "ஆன்ட்டி" என்றான். அவள் போர்வையை விலக்கி, நர்ஸ் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். கால் கட்டு, விலா, தோள். இடது தோளிலிருந்து குறுக்காக வலது இடுப்புவரை கன்றிப் போய், பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டைத் தடம். சீட் பெல்ட் அழுத்தியது.

"இடது பக்கம் உக்காந்திருந்தியா?"

"ஆமா," என்றான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நம் ஊர்க் காரில் இடது பக்கம் உட்காருகிறவன் ஓட்டுகிறவன் இல்லை. அவளாகவே ஒரு சாட்சியைக் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப எம் பிள்ளதான் ஓட்டினாளா," என்றாள். விசாகன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். நான்தான் ஆமாம் என்றேன்.

மத்தியானம் பிணவறை. மரிசோல் என்கிற மொழிபெயர்ப்பாளர் பெண்ணும் கூட வந்தாள். அவளுக்கு இங்கிலீஷும் ஸ்பானிஷும் தெரியும். நான் வெளியே நின்றேன். புஷ்பலீலா உள்ளே நாற்பது நிமிடம் இருந்தாள். மகளைத் துடைத்துத் தலைசீவி வைத்ததாக மரிசோல் பிறகு சொன்னாள்.

வெளியே வரும்போது வாசலில் இறந்த விவசாயியின் வீட்டார் நின்றார்கள். ஏதோ தாளில் கையெழுத்துப் போட வந்தவர்கள். ஐம்பது அறுபது வயதுப் பெண், உயரத் தொப்பி, இரட்டைச் சடை. அவன் மனைவி. யார் என்ன என்று தெரிந்ததும் புஷ்பலீலாவைப் பார்த்துக் கத்தினாள். கையை நீட்டி நீட்டிக் கத்தினாள். உன் மகள்தான் கொன்றாள் என்கிறாள் என்று மரிசோல் மெல்லச் சொன்னாள்.

புஷ்பலீலா அப்படியே அந்தச் சிமென்ட் தரையில் முட்டி போட்டாள். குனிந்து அவள் காலைத் தொட்டாள். சேற்றுச் செருப்பு. "எம் பிள்ளயால வந்தது. மன்னிச்சிருங்க தாயே," என்றாள் தமிழிலேயே. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அந்தப் பெண் காலை உதறிக்கொண்டு தள்ளி நின்று காறித் துப்பினாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். செய்ய ஒன்றும் இல்லை.

திரும்பும்போது டாக்சியில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். நானும் மரிசோலும் பின்னால். டிரைவர் பெல்ட் போடச் சொல்லிச் சைகை காட்டினான். இழுத்து மாட்டினாள். தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். பெல்ட் அங்கிருந்துதான் இறங்குகிறது. திரும்பி டிரைவரைப் பார்த்தாள். இந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம். அவனுடைய பெல்ட் இடது தோளிலிருந்து இறங்குகிறது.

"நிப்பாட்டச் சொல்லுங்க," என்றாள்.

நின்றது. பின்னால் திரும்பினாள்.

"எம் பிள்ள பெனிட்டாவுக்குத் தடம் வலது தோள்ல இருக்கு. இப்பதான் தொடச்சேன். நான் நம்ம ஊரு கணக்குல நெனச்சிட்டேன். ஓட்டினது அவ இல்ல."

எனக்கும் அந்தக் கணக்குத்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"நான் அந்தம்மா கால்ல விழும்போது நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

கதவைத் திறந்து இறங்கி நடந்தாள். ஏற்றமான கல் தெரு. மூச்சு வாங்க நின்று நின்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பத்து மணிக்கு அரசு வழக்கறிஞர் வந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும் ஒரு பெண். கூட ஒரு எழுத்தர், நம் வக்கீல், மரிசோல். புஷ்பலீலா வாசலில் நின்றாள். அவளை வெளியே அனுப்ப வேண்டும் என்று வக்கீலிடம் சொன்னேன். இறந்தவளின் தாய், நிற்க உரிமை உண்டு என்றார்.

விசாகன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். பேர், வயது, பாஸ்போர்ட் எண். பிறகு நிறுத்தினான்.

"ஆன்ட்டி நேத்து அந்தம்மா கால்ல விழுந்தாங்களாப்பா? மரிசோல் சொன்னாங்க."

"லேய், யோசிச்சுப் பேசு," என்றேன் தமிழில்.

அரசு வழக்கறிஞர் நிமிர்ந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மரிசோலுக்குத் தமிழ் தெரியாது. வாசலிலிருந்து புஷ்பலீலா இங்கிலீஷில் சொன்னாள்: "யோசித்துப் பேசச் சொல்கிறார். பேசட்டும்."

அவன் பேசினான். காரை ஓட்டியது நான்தான். ஓட்டும்போது போனில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். இவளைக் கல்யாணம் செய்தால் வீட்டுக்குள் ஏற்ற மாட்டேன், உன் அம்மாவின் சாவுக்குக்கூட வராதே என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கத்தினேன். பெனிட்டா போனை வை என்று கையைப் பிடித்தாள். வளைவில் அந்தப் பெரியவர் நடந்து போனதை நான் பார்க்கவில்லை. இதுதான் நடந்தது.

"முதலில் ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள்?"

"அப்பா சொல்லச் சொன்னார். செத்தவளை யாரும் ஜெயிலில் போட முடியாது என்றார்."

எழுத்தர் தட்டச்சு செய்தான். அந்தச் சத்தம் நெடுநேரம் நிற்கவே இல்லை.

நான் கத்தினேன். மருந்து மயக்கத்தில் உளறுகிறான் என்றேன். நம் வக்கீலே என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். பெற்ற மகன் என் பேரையும் சேர்த்துச் சொன்னான். படிக்க வைத்தது, விசா எடுத்துக் கொடுத்தது, எல்லாம் இதற்குத்தான்.

நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புஷ்பலீலா வந்தாள். உட்காரவில்லை.

"உங்கள ஜெயில்ல போடணும்னு எனக்கு இல்ல," என்றாள். "நேத்து அந்தம்மாகிட்ட நான் போட்ட கும்பிடு எம் மகளுக்காகப் போட்டது. அவ எதுவும் செய்யல. அந்தக் கும்பிட நீங்க போயி, நடந்ததச் சொல்லித் திருப்பி வாங்கிட்டு வரணும்."

"பைத்தியமா உங்களுக்கு? அடிச்சுக் கொன்னுருவாங்க."

"அது உங்க பாடு. வெள்ளிக்கிழமை நான் எம் மக பெட்டியோட கெளம்புதேன். அதுக்குள்ள."

ஜூன் 18, புதன்

விசாகன் நாட்டை விட்டு வெளியேறத் தடை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிய ஒரு வருடம் ஆகலாம் என்கிறார் வக்கீல். அதுவரை நான் இங்கே இருக்க முடியாது. தங்கும் நாள் தீர்ந்ததும் போக வேண்டும்.

அவனைப் பார்க்கப் போனேன். தூங்குவது போல் கிடந்தான். கண் இமை துடித்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

போக மாட்டேன். மலைக் கிராமம். மொழி தெரியாது. அவள் யார் எனக்கு உத்தரவு போட?

சாயந்திரம் செண்பகம் போன் செய்தாள். பதினைந்து நாளைக்குப் பிறகு அவள் குரல்.

"பெனிட்டா அம்மா எங்கிட்டப் பேசினாங்க. அவங்க சொன்னதச் செய்ங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீங்க அவன்கிட்டப் பேசினத நான் கேட்டேன். கேட்டுட்டுச் சும்மா நின்னேன். அதுக்கே எனக்கு ஆண்டவன்கிட்டப் பதில் இல்ல. செய்யாம வீட்டுக்கு வராதீங்க."

வைத்துவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

கூட வர முடியாது என்று மரிசோல் சொல்லிவிட்டாள். நான் இங்கிலீஷில் சொன்னதை ஸ்பானிஷில் எழுதி, உச்சரிப்பைச் சொல்லிக் கொடுத்தாள். நான் அதைத் தமிழ் எழுத்தில் கீழே குறித்துக்கொண்டேன். நான்கே வாக்கியம். காரை ஓட்டியது என் மகன். அவனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது நான். அந்தப் பெண் ஓட்டியதாகப் பொய் சொல்லச் சொன்னதும் நான். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

திருவிழா என்பதால் தெருவெல்லாம் அடைப்பு. தோளில் சாமி தூக்கி வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வேன் ஸ்டாண்டுக்குப் போனேன். வேனில் ஒன்றேகால் மணி நேரம். பிறகு மண் பாதையில் ஏற்றம். இருபது அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். ஒரு நாய் கடைசிவரை குலைத்துக்கொண்டே வந்தது.

மண் செங்கல் வீடு. அந்தப் பெண் வாசலில் உருளைக்கிழங்கைப் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கையில் கிழங்கோடு எழுந்து நின்றாள்.

படித்தேன். அவளுக்குப் புரியவில்லை. கையை ஆட்டினாள், திரும்பச் சொல் என்று. திரும்பப் படித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் அவள் முகம் மாறியது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். முப்பது வயது மகன் வந்தான். மறுபடி படிக்கச் சொன்னாள். அவன் என் சட்டையைப் பிடித்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்ததும் மறுபடி. தோட்டத்திலிருந்து ஒரு கிழவன் வந்தான், அவனுக்கும் ஒரு தடவை. ஆறாவது தடவை எனக்குத் தாள் தேவைப்படவில்லை. ஏழாவது தடவை குரல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். வரும்வரை காத்திருந்து, கேட்டாள்.

முட்டி போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. கால் நிற்கவில்லை, அதுதான் காரணம் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். காரணம் அது இல்லை.

அவள் என் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்துச் சால்வைக்குள் செருகிக்கொண்டாள். பாதையைக் காட்டினாள். போ என்பதற்கு எந்த நாட்டிலும் மொழி வேண்டியதில்லை.

கடைசி வேன் போய்விட்டது. பெரிய சாலைவரை நடந்து, ஒரு லாரியில் ஏறி வந்தேன். உதடு வெடித்து ரத்தம் வருகிறது. குளிர்.

ஜூன் 20, வெள்ளி

காலை விமான நிலையம். சவப்பெட்டியைச் சரக்குப் பிரிவில் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டார்கள். புஷ்பலீலா ஒரு கைப்பையோடு வரிசையில் நின்றாள். லிமாவில் வெளியேறும் முத்திரை வாங்க எந்தத் தாளை முதலில் காட்ட வேண்டும், பிணத்தோடு போகும் சான்றுகளில் எது அசல், எது நகல் என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்தாள். ஒரு வரியைக் காட்டி, "இது சரியா?" என்றாள்.

"சரி. இந்தத் தடவ சரி."

பையில் வைத்துக்கொண்டாள்.

"போனீங்களா?"

"போனேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஏழு தடவ சொல்ல வச்சாங்க. அப்புறம் தாள வாங்கி வச்சுக்கிட்டாங்க."

வரிசை நகர்ந்தது. அவளும் ஓரடி நகர்ந்தாள்.

"அப்ப அவங்க என்னவிட நல்லவங்க," என்றாள். "நானா இருந்தா வாங்கியிருக்க மாட்டேன்."

பாஸ்போர்ட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.